கல்யாணக் கவுண் வியாபாரம்: திருமலை வர்த்தகருக்கு இலாபம் எங்கே?

திருகோணமலை மாவட்டத்தில் புடவைக்கடை வைத்திருக்கும் எந்த வர்த்தகரிடமும் கேட்டுப் பாருங்கள். கல்யாண வியாபாரம் முன்போல் இல்லை என்றுதான் சொல்வார். கல்யாணங்கள் குறைந்துவிட்டனவா என்றால், இல்லை. மண்டபம் எடுக்க மாதக்கணக்கில் முன்கூட்டியே ஓடித்திரிய வேண்டியிருக்கிறது. விருந்துச் செலவும் கூடித்தான் இருக்கிறது. அப்படியானால் மணப்பெண்ணின் உடுப்புக்கென்று குடும்பங்கள் ஒதுக்கும் பணம் எங்கே போகிறது?

அந்தப் பணத்தின் பெரும்பகுதி கவுணுக்குப் போகிறது. கவுணோ நமது ஊரில் வாங்கப்படுவதில்லை. கொழும்பில் வாடகைக்கு எடுக்கிறார்கள், அல்லது கைத்தொலைபேசியில் படம் பார்த்து வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறார்கள். நமது இறாக்கைகளில் சாரி இருக்கிறது. கேட்டு வருபவர் கையில் கவுண் படம் இருக்கிறது. இந்த இடைவெளியை வைத்துத்தான் இந்த வாரம் சில விடயங்களைப் பேசலாம் என்று நினைக்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். வாப்பாவின் கடையில் 1980களின் கடைசியில் துணி மடிக்கத் தொடங்கியவன். எனவே கடைக் கணக்கிலிருந்து கண்டதையே எழுதுகிறேன்.

சாரியிலிருந்து கவுண் வரை

எமது பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் கூறைச் சாரி கொண்டுவருவது பழைய வழக்கம். அந்தச் சாரியை எடுக்கக் குடும்பத்தோடு கடைக்கு வருவார்கள். மூதூரிலிருந்து லோஞ்சில் வருவார்கள். கிண்ணியாவிலிருந்து பாதையில் ஆற்றைக் கடந்து வருவார்கள். காலையில் வந்தால் கூறை, மற்றச் சாரிகள், மாப்பிள்ளைக்குச் சாரம், உறவினர்களுக்கு உடுப்பு என்று எல்லாவற்றையும் ஒரே கடையில் எடுத்துக்கொண்டு பின்னேரம்தான் திரும்புவார்கள். போக்குவரத்துக் கஷ்டம் வாடிக்கையாளரை நமது கடையோடு கட்டி வைத்திருந்தது என்று சொல்லலாம்.

யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டில் ஒக்டோபர் மாதம் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி நிதியுதவியில் கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான பாலம் அது. அதன் பின் மட்டக்களப்பு வீதியின் மற்றப் பாலங்களும் கட்டப்பட, மூதூரும் தோப்பூரும் தரைவழியாக நெருங்கி வந்தன. அல்ஹம்துலில்லாஹ், மக்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பாதை இருந்த காலத்தில் திருமலை நகருக்கு வந்த அதே குடும்பம், பாலம் வந்த பின் வேன் பிடித்துக் கொழும்புக்கும் போய்வரலாம் என்றாயிற்று. புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு நாம் சரக்கெடுக்கப் போகும்போது, நமது ஊர் மணப்பெண்ணும் அதே தெருவில் நிற்கக் கண்டோம்.

உடுப்பும் அதே காலத்தில் மாறியது. நிகாஹ் நாளுக்குச் சாரி, வலீமாவுக்குக் கவுண் என்பது முதற்கட்டம். அதன் பின் நிகாஹ்வுக்கே வெள்ளைக் கவுண், வலீமாவுக்கு லெஹங்கா அல்லது வேறு நிறக் கவுண் என்று வந்தது. சாரி ஒழிந்துவிடவில்லை. உம்மாமார் இன்னும் கூறைச் சாரி வேண்டும் என்கிறார்கள். ஆனால் முன்பு எடுத்த ஐந்தாறு பட்டுச் சாரிகளில் பாதி குறைந்துவிட்டது. அந்தக் காசுதான் கவுணாகிவிட்டது.

வெள்ளைக் கவுண் எங்கிருந்து வந்தது?

விற்கும் பொருளின் வரலாறு தெரிந்திருந்தால் வாடிக்கையாளரிடம் பேச வாய் வரும். ஐரோப்பாவில் வெள்ளைக் கல்யாணக் கவுண் பிரபலமாகக் காரணமாக இருந்தவர் இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி. 1840 பெப்ரவரியில் நடந்த அவரது திருமணத்தில் இங்கிலாந்தின் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளர்கள் நெய்த வெள்ளைப் பட்டையும், ஹொனிற்றன் பகுதியில் கையால் பின்னிய லேஸையும் அணிந்தார். உள்நாட்டு லேஸ் தொழிலாளருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு நோக்கம். ஒரு மணப்பெண்ணின் உடுப்பு ஊர்த் தொழிலைத் தூக்கிவிடலாம் என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

அதன் பின் வந்தவற்றில் மூன்று கவுண்களை வியாபாரிகள் நினைவில் வைத்திருப்பது நல்லது. முதலாவது, 1956இல் மொனாக்கோ இளவரசரை மணந்த நடிகை கிரேஸ் கெல்லியின் கவுண். கழுத்து வரை மூடிய லேஸ், முழுக்கை. இரண்டாவது, 1981இல் டயானா இளவரசி அணிந்தது. அதன் பின்வால் மட்டும் 25 அடி. மூன்றாவது, 2011 ஏப்ரல் 29ஆம் திகதி கேட் மிடில்ரன் அணிந்த முழுக்கை லேஸ் கவுண். அந்த லேஸ் பூக்களைக் கையால் பொருத்தியவர்கள் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கை கழுவினார்கள் என்றும், மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஊசியை மாற்றினார்கள் என்றும் அந்தக் காலத்துச் செய்திகளில் வந்தது. வெள்ளைத் துணியில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் இது.

இவற்றில் முதலாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். முழுக்கை, பெருமளவு மூடிய மேலுடல், நிலம் தொடும் பாவாடை. நமது பெண்பிள்ளைகள் கேட்பதும் கிட்டத்தட்ட இதே அமைப்புத்தான். கை மூடிய கவுண் என்றால் பழைய பாணி என்று கடைக்காரர் சிலர் நினைக்கிறார்கள். உலகமே பார்த்துப் பிரதி எடுத்த இரண்டு கவுண்கள் கை மூடியவையே என்பதைத் தைரியமாக எடுத்துச் சொல்லலாம்.

இப்போது என்ன கேட்கிறார்கள்?

வடிவத்தில் மூன்று வகைதான் நமது ஊரில் அடிக்கடி கேட்கப்படுகிறது. இடுப்பிலிருந்து மெல்ல விரிந்து இறங்கும் ஏ-லைன், உள்ளே கன்கன் வைத்துக் குடைபோல் விரியும் போல் கவுண், நெஞ்சுக்குக் கீழிருந்தே தளர்ந்து விழும் எம்பயர். உடலோடு ஒட்டி முழங்காலில் விரியும் மீன்வால் வடிவத்தைப் படத்தில் காட்டுவார்கள். வீட்டார் வந்ததும் அது மாறிவிடும். அதை வாங்கி வைப்பதில் பயனில்லை. உயரம் குறைந்தவருக்கும், உடல் பருத்தவருக்கும், இலேசாக நடமாட விரும்புபவருக்கும் ஏ-லைன் பொருந்தும். ஒரே ஒரு வடிவத்தில் முதலிட வேண்டுமென்றால் நான் ஏ-லைனைத்தான் சொல்வேன்.

நிறத்தில் தூய வெள்ளையைவிட ஐவரி என்னும் தந்த வெள்ளையும், ஷம்பெய்ன் என்னும் மெல்லிய பொன்னிறமும் நமது பெண்களின் தோல் நிறத்துக்கு நன்றாக எடுபடுகின்றன. வலீமாவுக்கு மங்கிய ரோஸ், இளம் பச்சை, மெல்லிய சாம்பல் கலந்த நீலம் போன்றவை கேட்கப்படுகின்றன. நிறம் பார்க்கும்போது கடையின் மின்விளக்கில் மட்டும் பார்க்க விடாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்திலும் காட்டுங்கள். ஐவரியிலேயே பல சாயல் உண்டு. கவுண் ஒரு சாயலும் ஹிஜாப் இன்னொரு சாயலுமாக இருந்தால் போட்டோவில் பளிச்சென்று தெரியும். ஆகவே கவுண் துணி வெட்டும்போதே ஹிஜாபுக்கும் அதே ரோலில் வெட்டி வைப்பது நல்லது.

கையும் உட்துணியும் முக்கியமானவை. வெளிநாட்டுக் கவுண்களில் லேஸ் கைக்குள் தோல் நிற வலைத்துணி வைத்திருப்பார்கள். படத்தில் கை மூடியதுபோல் இருக்கும். நேரில் பார்த்தால் கை திறந்ததுபோல் தோன்றும். நமது குடும்பங்கள் இதை ஏற்பதில்லை. லேஸின் அதே நிறத்தில் உட்துணி வைத்தால் லேஸின் பூவேலையும் தெளிவாகத் தெரியும், மூடலும் சரியாக இருக்கும். மணிக்கட்டில் பொத்தான் வைத்து மேலே தளர்வாக விடும் பிஷப் கை, கீழே விரியும் மணிக்கை ஆகிய இரண்டும் விருந்து மேசையில் சிரமம் தராதவாறு அளவாகத் தைக்கப்பட வேண்டும்.

தலைக்கு மேல் பாரமான கிரீடம், அதன் மேல் நீண்ட வலைமுக்காடு என்று ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. ஊசி குத்திய இடமெல்லாம் வலைத்துணி கிழியும். உள்ளே பருத்தித் தொப்பி, அதன் மேல் வழுக்காத ஹிஜாப், அதன் மேல் சீப்புக் கொக்கியில் மாட்டும் முக்காடு என்று மூன்று படியாக அமைத்தால் நிகாஹ் முடிந்ததும் முக்காட்டை மட்டும் கழற்றி வைக்கலாம்.

ஒரு நல்ல யோசனையையும் சொல்ல வேண்டும். உம்மாவின் கல்யாணப் பட்டுச் சாரியை மகளின் உடுப்பாக மாற்றித் தைப்பது இப்போது விரும்பப்படுகிறது. ஒரு சாரி சுமார் ஐந்தரை மீற்றர். அதில் பாவாடையும் மேலங்கியும் எடுக்கலாம். ஆனால் காஞ்சிபுரம் சாரியின் கரை நேரானது. குடைவெட்டுப் பாவாடையின் வளைந்த விளிம்புக்கு அது வளைந்து கொடுக்காது. நேராக வெட்டிச் சுருக்கு வைத்த பாவாடைதான் அதற்குப் பொருந்தும். வெட்டு முன், மடிப்பில் துணி இற்றிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இற்ற துணியை எந்தத் தையல்காரராலும் காப்பாற்ற முடியாது.

துணியை அறிந்து விற்போம்

சற்றின் என்றால் பட்டு என்று நினைப்பவர்கள் பலர். சற்றின் என்பது நெசவு முறையின் பெயர். பட்டு நூலிலும் அப்படி நெய்யலாம், பொலியெஸ்ரர் நூலிலும் நெய்யலாம். விலை வித்தியாசம் பல மடங்கு. ஒரு நூலை எடுத்து எரித்துப் பார்த்தால் பட்டு முடி கருகிய மணம் தந்து பொடியாக உதிரும். பொலியெஸ்ரர் உருகிக் கட்டியாகும். ஜரிகையிலும் இதே கதைதான். காஞ்சிபுரத்தின் அசல் ஜரிகை, சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன் முலாம் பூசியது. சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும். அரைப் பட்டைப் பட்டென்று விற்றால் ஒரு நாள் இலாபம் வரும். அந்தக் குடும்பத்தின் மற்ற மூன்று பெண்பிள்ளைகளின் கல்யாணம் கைவிட்டுப் போகும்.

கவுணுக்கு வேண்டிய வலைத்துணி, ஒர்கன்சா, லேஸ், மணி, கற்கள் எல்லாம் புறக்கோட்டையில் கிடைக்கின்றன. தைத்த கவுண்களின் பெரும் சந்தை சீனாவில் இருக்கிறது. அங்கே சுசோ நகரின் ஹுசியூ பகுதி கல்யாணக் கவுணுக்கென்றே பெயர் போனது. அங்கே கவுண் மலிவு என்பது உண்மை. ஆனால் 2022ஐ நாம் மறக்கக் கூடாது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்குப் போனது. 2024 ஜனவரி முதல் வற் வரியும் 18 வீதமாயிற்று. முழுக்க முழுக்க இறக்குமதிக் கவுணை நம்பி வியாபாரம் செய்பவரின் முதல், டொலரோடு கட்டப்பட்டிருக்கிறது. துணியும் லேஸும் கூட இறக்குமதிதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் உள்ளூரில் தைக்கும் கவுணில் கூலி ரூபாவில் இருக்கிறது, மீதித் துணி கையில் இருக்கிறது, அளவும் அமைப்பும் நமது விருப்பத்தில் இருக்கிறது.

விற்பதா, வாடகைக்கு விடுவதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்கான உதாரணத் தொகைகள். உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கவுண் ஒன்று 150,000 ரூபாவுக்கு வந்து சேர்கிறது என்று வைப்போம். வாடகை 30,000 ரூபா. ஒவ்வொரு தடவையும் கழுவ, மணி தைக்க, அளவு திருத்த 5,000 ரூபா போகும். கையில் மிஞ்சுவது 25,000 ரூபா. ஆறு கல்யாணத்துக்குப் போனால்தான் முதல் வரும். ஏழாவதிலிருந்துதான் இலாபம்.

கொழும்பில் ஆறு கல்யாணம் பெரிய விடயம் அல்ல. திருமலையில் அது பெரிய விடயம். ஜமாலியாவில் நடந்த கல்யாணப் போட்டோ அன்றிரவே பேஸ்புக்கில் வந்துவிடும். கிண்ணியாவில் உள்ள மச்சியும் பார்ப்பாள், புல்மோட்டையில் உள்ள மாமியும் பார்ப்பார். மூன்றாவது கல்யாணத்தில் அந்தக் கவுண் தெரிந்த முகமாகிவிடும். நாலாவது மணப்பெண், "இது இன்னாருடைய கலியாணத்தில போட்டதுதானே" என்று ஒதுக்கிவிடுவாள். சிறிய ஊரில் வாடகைக் கவுணைக் கொல்வது இதுதான்.

இதற்கு நான் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, அடிக் கவுணை எளிமையாக உள்ளூரில் தைப்பது. துணி, லேஸ் 45,000 ரூபா, கூலி 25,000 ரூபா என்றால் 70,000 ரூபாவில் முடியும். வாடகை 25,000 ரூபா, செலவு 5,000 ரூபா போக மிஞ்சுவது 20,000 ரூபா. நாலு கல்யாணத்தில் முதல் வந்துவிடும். அதற்குக் கழற்றி மாட்டக்கூடிய பின்வால், இரண்டு விதமான மேற்பாவாடை, இரண்டு இடுப்புப் பட்டி, இரண்டு விதமான கை என்று செய்து வைத்தால் ஒரே கவுண் இரண்டு மூன்று கவுணாகத் தோன்றும். சேர்க்கைகளுக்குத் தனியாகச் செலவு உண்டு. ஆனால் முழுக் கவுணின் செலவு இல்லை.

மற்றது, கூட்டுறவு. கிண்ணியா, மூதூர், புல்மோட்டை, கந்தளாய், திருமலை நகர் ஆகிய இடங்களில் இருக்கும் ஐந்து வர்த்தகர்கள் தலைக்கு மூன்று கவுண் வைத்திருந்தால், அதைத் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஒருவரின் மூன்று கவுண் பதினைந்தாகிவிடும். நாம் ஒருவரையொருவர் விலையில் வெட்டிக்கொண்டிருக்க, கொழும்புக் கடைக்கு நமது வாடிக்கையாளர் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

வாடகையில் சச்சரவு வராமலிருக்க எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். கவுண் போகும் நாள், திரும்பும் நாள், வாடகை, முற்பணம், கிழிந்தால் என்ன, கறை பட்டால் என்ன என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் போட்டோ எடுங்கள். கேட்ட வாடிக்கையாளருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி நமது கடமையும் ஆகும். இருக்கும் குறையை மறைக்காமல் காட்டி, நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லி வாடகைக்கு விடுவதுதான் மார்க்கமும் நமக்குச் சொல்லித்தந்த முறை.

கடற்காற்று பொல்லாதது

துறைமுகப் பட்டினத்தில் இரும்பு துருப்பிடிப்பதை எல்லோரும் அறிவோம். ஜரிகையும் வெள்ளி வேலையும் அதேபோல் கறுக்கும். உள்துறைமுக வீதிப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கவுணை பொலித்தீன் உறையில் இறுக்கி மூடி வைத்தால் உள்ளே ஈரம் தங்கி மஞ்சள் படியும். வெள்ளைப் பருத்தித் துணியில் உறை தைத்துப் போடுவது நல்லது. அந்துருண்டை ஜரிகையில் நேரே படக் கூடாது. மடித்து வைக்கும் பட்டுச் சாரிகளை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். மணி பாரமுள்ள கவுணைத் தொங்கவிட்டால் தோள் இழுபட்டு நீளும். அதைப் படுக்கையாக வையுங்கள். பசையால் ஒட்டிய கற்கள் ட்ரை கிளீனிங் திரவத்தில் கழன்றுவிடக்கூடும். வாங்கும்போதே கல் ஒட்டியதா தைத்ததா என்று புரட்டிப் பாருங்கள்.

கால நிலையும் கணக்கில் வர வேண்டும். மே தொடக்கம் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அனலாய் வீசும். அந்த நாட்களில் பொலியெஸ்ரர் சற்றினும் கன்கனுமாகப் பெண்ணை மேடையில் மூன்று மணித்தியாலம் இருத்தினால் மயக்கமே வந்துவிடும். உட்துணியைப் பருத்தியில் வைப்பது சிறு செலவு, பெரிய உதவி. ஒக்டோபருக்குப் பின் வாடை மழையில் முற்றம் சேறாகும். அப்போது நீண்ட பின்வால் கழுவும் செலவைத்தான் கூட்டும்.

தைக்கும் கைகள் நமது ஊரில் இருக்கின்றன

மூதூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று படம் பார்த்து வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து கவுண் தருவித்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அது வந்தது. கைக்குத் தோல் நிற வலை, கழுத்து இறக்கம், நீளம் நாலு அங்குலம் குறைவு. திருப்பி எடுக்க முடியாது என்று கடை கைவிரித்துவிட்டது. வாப்பா ஒருவர் மகளின் கவுணைப் பையில் வைத்துக்கொண்டு எனது கடையில் வந்து நின்றபோது அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. கடன்பட்டு அனுப்பிய காசு அது. எனக்குத் தைத்துத் தரும் கிண்ணியாச் சகோதரி ஒருவரிடம் அனுப்பினேன். அவர் இரண்டு இரவு இருந்து கையின் உட்துணியை மாற்றினார். கழுத்துக்கு லேஸ் வைத்தார். கீழே ஓர் அடுக்குச் சேர்த்து நீளத்தைச் சரிசெய்தார். கல்யாணத்தில் பார்த்தவர்கள் கவுண் எங்கே எடுத்தது என்றுதான் கேட்டார்களாம். அந்தச் சகோதரியின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

2004 சுனாமிக்குப் பின் நமது மாவட்டத்தில் பல தொண்டு நிறுவனங்கள் பெண்களுக்குத் தையல் பயிற்சியும் இயந்திரமும் கொடுத்தன. கணவனை இழந்தவர்கள், 2006இல் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் என்று பலர் அதை வைத்துப் பிழைத்தார்கள். அந்த இயந்திரங்களில் எத்தனையோ இன்று தலையணை உறை தைத்துக்கொண்டிருக்கின்றன. கவுண் தைக்கும் அளவுக்குக் கை தேர்ந்தவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். ஆரி வேலை, மணி வேலை தெரிந்த இளம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்களின் தையல் பயிற்சி நெறிகளில் சேர்ந்தால் என்.வீ.கியூ. சான்றிதழும் எடுக்கலாம். இவர்களிடம் இல்லாதது வாடிக்கையாளரும் முதலும்தான். அந்த இரண்டும் வர்த்தகரிடம் இருக்கிறது.

இதில் நாம் ஒழுங்காக நடக்க வேண்டும். 25,000 ரூபா கூலி என்று பேசினால் துணி கொடுக்கும்போதே ஒரு பகுதியைக் கொடுங்கள். மீதியை கவுண் கைக்கு வந்த அன்றே கொடுங்கள். "கலியாணம் முடியட்டும், பாக்கி தாறன்" என்பது நம்மில் சிலரின் பழக்கம். தைத்தவர் அந்தக் காசில்தான் அரிசி வாங்குகிறார். முதலில் மலிவான பருத்தித் துணியில் ஒரு மாதிரி தைத்து மணப்பெண்ணுக்குப் போட்டுப் பார்த்து, பின் நல்ல துணியை வெட்டும் முறையையும் பழக்குங்கள். கல்யாணத்தன்று போடும் செருப்பை அணிந்துகொண்டுதான் நீளம் எடுக்க வேண்டும். பாதிப் புகார்கள் இந்த இரண்டிலேயே ஒழிந்துவிடும்.

நோன்பைப் பார்த்துச் சரக்கெடுங்கள்

ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாட்கள். அதனால் நோன்பு ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருகிறது. நோன்பு மாதத்தில் கல்யாண வியாபாரம் படுத்துவிடும் என்பது தெரிந்ததே. 2024இல் மார்ச் நடுப்பகுதிக்குச் சற்று முன் தொடங்கிய நோன்பு, 2030இல் ஜனவரி முற்பகுதியிலும் அதே ஆண்டு டிசம்பர் கடைசியிலும் என இரண்டு தடவை வரவிருக்கிறது. டிசம்பர் விடுமுறைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள், கல்யாணம் நடக்கும் என்று பழகியிருக்கும் நமக்கு அந்த ஆண்டுகள் வேறுவிதமாக அமையும். இப்போதிருந்தே ஆங்கில நாட்காட்டியோடு ஹிஜ்ரி நாட்காட்டியையும் வைத்து, எந்த மாதம் காசு வரும், எந்த மாதம் சும்மா இருக்கும் என்று எழுதி வையுங்கள். சும்மா இருக்கும் மாதம் பழைய கவுண்களைப் பிரித்துப் புதிதாக்க ஏற்ற மாதம்.

கடைசியாக ஒரு வார்த்தை

கிழக்கில் ஒரு பெண்பிள்ளையின் கல்யாணம் என்றால் வீடு கட்டிக் கொடுப்பதிலிருந்து செலவு தொடங்குகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வீடு கட்டியே களைத்துப்போன குடும்பம்தான் உடுப்பு எடுக்க நமது கடைக்கு வருகிறது. ஒரு நாள் உடுப்புக்காக அந்தக் குடும்பத்தை மேலும் கடனில் தள்ளி நாம் பெறும் இலாபத்தில் பரக்கத் இருக்குமா என்று யோசிக்க வேண்டும். கையில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அதற்குள் அடங்கும் மூன்று வழிகளைக் காட்டுங்கள். வாடகைக் கவுண், உள்ளூரில் தைத்த கவுண், உம்மாவின் சாரியில் மாற்றித் தைத்த உடுப்பு. மூன்றிலும் நமக்கு நியாயமான இலாபம் இருக்கிறது. மூன்றிலும் ஊர்ப் பெண் ஒருவருக்குக் கூலி இருக்கிறது.

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் பெரிய கண்ணாடிக் கடையோடு தொடங்க வேண்டாம். இரண்டு ஏ-லைன் கவுண், ஒன்று ஐவரி, மற்றது ஷம்பெய்ன். கழற்றி மாட்டும் சேர்க்கைகள் சில. நம்பிக்கையான தையற்காரி ஒருவர். திகதி எழுதும் கொப்பி ஒன்று. பகல் வெளிச்சம் படும் இடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று. ஆறு மாதம் கணக்கு எழுதிப் பாருங்கள். முதல் திரும்பி வந்தால் மூன்றாவது கவுணைத் தையுங்கள். கிண்ணியாவிலோ மூதூரிலோ இதே தொழில் செய்யும் சகோதரரைப் போட்டிக்காரராகப் பார்க்காமல், மாற்றிக்கொள்ள ஒரு கவுண் வைத்திருப்பவராகப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், கொழும்புக்குப் போகும் வேன்களில் சில நமது கடை வாசலிலும் நிற்கும்.